கிரேஸ் டீச்சரின் கார் ஷெட்டுக்கு அடியில்

எங்கள் தொழிலில் நன்றாகச் செய்த வேலையெல்லாம் மண்ணுக்கு அடியில் போய்விடும், சொதப்பிய வேலைதான் விரிசலாகச் சுவர் மேல் ஏறி வந்து ஊருக்கே வணக்கம் சொல்லும்.

பழைய கட்டடங்களுக்கு அஸ்திவாரம் சரி பண்ணுகிறவன் நான். தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கமெல்லாம் ‘ரிப்பேர் மேஸ்திரி’ என்றால் என்னைக் காட்டுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் ‘புளுகு மேஸ்திரி’ என்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். கேளம்பாக்கத்தில் ஒரு வீட்டில் அஸ்திவாரத்தைத் தேடித் தோண்டிக்கொண்டே போனோம். இடுப்பளவு போனோம், கழுத்தளவு போனோம், வரவே இல்லை. கடைசியில்தான் புரிந்தது, அந்த வீடு இத்தனை வருஷமும் பெயிண்டின் பலத்தில் நின்றிருக்கிறது. நம்பாவிட்டால் போங்கள். ஆனால் கீழே எழுதியிருப்பதை நம்பலாம். கலவைக்கு சிமெண்ட் சேர்க்கிற அளவுக்குத்தான் இதில் புளுகு சேர்த்திருக்கிறேன். அதுகூட இல்லாவிட்டால் ஒட்டாது.

சொந்த வீடு என்று ஒன்றை வாங்கிவிட்டு, மழை வந்தால் கூரையைப் பார்த்தும் வெயில் வந்தால் சுவரைப் பார்த்தும் காலம் தள்ளுகிற சக கஷ்டவாளிகளே, இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு மூலையைப் போய் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

விரிசலில் ஒரு குடை

சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஸ்டீபன் சார் வீடு. அவர் ஏதோ ஆபீஸில் கணக்குப் பார்த்து ரிட்டயரானவர். அவர் மனைவி கிரேஸ் டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிட்டயரானவர். வீட்டில் கூட்டல் டீச்சருக்கு, கழித்தல் சாருக்கு. வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட். செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் இரும்பு ஷட்டர். முன்னே அந்த வீட்டில் இருந்தவர் கட்டியது. இவர்கள் வந்த நாள் முதல் அதில் கார் நின்றதில்லை. கால் உடைந்த கட்டிலும் கிறிஸ்துமஸ் ஸ்டாரும்தான் நின்றன.

நான் போய்ப் பார்த்தபோது இடது பக்கச் சுவரின் முன்மூலை மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் செங்கல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மூலையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு விரிசல். அந்த விரிசலில் ஸ்டீபன் சார் தன் குடையை மாட்டிவைத்திருந்தார். ஆணிச் செலவு மிச்சம் என்றார். எனக்கு முன்னால் வந்த காண்டிராக்டர்கள் எல்லாம், இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டலாம் என்று ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். டீச்சரிடம் இருந்ததோ சீட்டு எடுத்த பணம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். “கோயம்புத்தூர்ல இருக்கிற எங்க பொண்ணு புதுக் கார் வாங்குறா மேஸ்திரி. பழசை எனக்குத் தரேன்னா. நான் டிரைவிங் கிளாஸ் சேர்ந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல நின்னு நின்னு பாதிக் கால் தேஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிறதை ஆக்ஸிலேட்டர்ல வைக்கலாம்னு பாக்கறேன்.” ஆனால் அவர்கள் தெருவோ, தண்ணி லாரி வந்தால் நாய்கூட ஒதுங்கி வழிவிட வேண்டிய தெரு. வெளியே கார் நிறுத்த இடமில்லை. ஷெட் நின்றால் கார் வரும். இல்லாவிட்டால் மகள் அங்கேயே விற்றுவிடுவாள். இதுதான் வீட்டில் ஒப்பந்தம். சார் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

“நிக்குமா நிக்காதான்னு மட்டும் சொல்லுங்க மேஸ்திரி. நிக்காதுன்னா, ஷெட்டை வாடகைக்குக் கேட்டு மாவுக் கடைக்காரர் ஒருத்தர் கிரைண்டரோட ரெடியா இருக்கார்.”

கீழ் போர்ஷன்காரர்

எந்தச் சுவரும் சும்மா இறங்காது. யாரோ ஒருவர் கீழே வேலை பார்த்திருப்பார். ஒன்று தண்ணீர், இல்லாவிட்டால் பெருச்சாளி. இங்கே இருவரும் கூட்டு. கூரைத் தண்ணீர் விழுகிற குழாய் அந்த மூலையில்தான் முடிந்தது. வாஷிங் மெஷின் தண்ணீரும் அங்கேதான். ஈரமான மண் தோண்டச் சுகமாக இருந்ததால் பெருச்சாளி குடும்பத்தோடு வந்துவிட்டது.

என்னிடம் வேலை செய்கிறவர்கள் கொத்தனார் ஏழுமலையும் அவன் மனைவி தேவகியும். ஏழுமலை மூலையில் கடப்பாரையைப் போட்டான். கடப்பாரை பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. வளையிலிருந்து ஒரு பெருச்சாளி வெளியே வந்து எங்களைப் பார்த்தது. கன்றுக்குட்டி சைஸ் இருக்கும். சரி, ஆட்டுக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரமே இல்லாமல் பக்கத்துக் காலி மனைக்கு நடந்து போனது. தோண்டத் தோண்ட உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளர், பாதி செருப்பு, டீச்சர் என்றைக்கோ தொலைத்த டஸ்டர் எல்லாம் கிடைத்தன. ஏழுமலை குழிக்குள் தலையை விட்டு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“இது வளை இல்ல நைனா, டபுள் பெட்ரூம் பிளாட்டு. கார் பார்க்கிங் ஒண்ணுதான் பாக்கி கீது.”

ஜெபமும் எலுமிச்சம்பழமும்

வேலை ஆரம்பிக்கிற அன்றைக்குச் சின்னச் சிக்கல். டீச்சர் வேதப் புத்தகத்தோடு வந்து நின்றார். ஏழுமலை கையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துக்கொண்டு நின்றான். குழியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் அவன் மண்வெட்டியைத் தொடமாட்டான். ஜெபம் பண்ணாமல் டீச்சர் தொட விடமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, கூலி ஓடிக்கொண்டிருக்கிறது.

நான்தான் சமாதானம் பேசினேன். முதலில் ஜெபம், பிறகு கற்பூரம். டீச்சர் கண்ணை மூடினார். ஷெட்டுக்காக ஜெபித்தார், சுவருக்காக ஜெபித்தார், எங்கள் கை கால்களுக்காக ஜெபித்தார், வீடு இழந்த பெருச்சாளிக்காகவும் ஒரு வார்த்தை சொன்னார். ஏழுமலை அவசரப்பட்டு முன்னமே ஏற்றிய கற்பூரம் அணைந்துபோய், மறுபடி ஏற்றி, அதுவும் அணைந்தது. கடைசியில் ஆமென் சொன்னதில் அவன் குரல்தான் பெரிசு. அப்புறம் பழத்தை எடுத்துக் காலுக்குக் கீழே வைக்கப் போனான். டீச்சர் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார்:

“சாமி கும்பிட்டுக்கோ ஏழுமலை, நான் வேணாங்கல. பழத்தை மட்டும் குடு, எல்லாருக்கும் ஜூஸ் போட்டுத் தரேன்.”

ஒன்று விட்டு ஒன்று

இந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. நிற்கிற சுவருக்கு அடியில் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் தோண்டினால் சுவர் எதன் மேல் நிற்கும்? அதனால் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுத் துண்டு துண்டாகப் பிரிப்போம். ஒரு துண்டுக்கு அடியில் மட்டும் தோண்டி, உதிர்ந்த செங்கலை எடுத்து, கான்கிரீட் போட்டு, மேலே நல்ல செங்கல் வைத்துக் கட்டுவோம். பழைய சுவருக்கும் புதுக் கட்டுக்கும் நடுவில் ஊசி போக இடமில்லாமல் கெட்டிக் கலவையைத் திணிப்போம். அது இறுகுகிறவரை பக்கத்துத் துண்டைத் தொடவே கூடாது. தள்ளி இருக்கிற துண்டுக்குப் போக வேண்டும். செலவைக் குறைக்க, எடுத்த செங்கலில் நல்லதைத் தட்டிச் சுத்தம் பண்ணி மறுபடி வைத்தோம். உடைந்ததை ஜல்லிக்குப் பதிலாகத் தரைக்கு அடியில் போட்டு இடித்துக் கெட்டியாக்கினோம். கூரைத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டு வாசல் கால்வாய்க்குத் திருப்பிவிட்டோம். உண்மையைச் சொன்னால், பாதி வைத்தியம் அந்தக் குழாய்தான்.

டீச்சருக்கு முறை உடனே புரிந்துவிட்டது. “பல் டாக்டர் எல்லாப் பல்லையும் ஒரே நாள்ல பிடுங்க மாட்டார் இல்ல, அந்த மாதிரி” என்றார். சாருக்குத்தான் மனசு ஆறவில்லை. காலையில் காபியோடு வந்து நிற்பார். தோண்டாத துண்டைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரே குழியாக வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும், டீச்சரின் சீட்டுப் பணத்தில் கொஞ்சம் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. நான் எத்தனை தடவை சொல்லியும் நாங்கள் நாளைக் கடத்துகிறோம் என்றே நினைத்தார். கடைசியில் வாய் விட்டே கேட்டார்:

“கொஞ்சம் தோண்டுறீங்க, அப்புறம் கொஞ்சம் இடம் சும்மா விடறீங்க. நான் ஆபீஸ்ல ஒரு பக்கம் எழுதி ஒரு பக்கம் சும்மா விட்டிருந்தா என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா மேஸ்திரி?”

ஷட்டருக்குள் சார்

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தெருமுனை மரத்தடியில் படுத்திருந்தோம். டீச்சர் டிரைவிங் கிளாஸுக்குப் போயிருந்தார். என் குறட்டைக்கு நடுவில் ‘டங், டங்’ என்று கடப்பாரைச் சத்தம். தேவகிதான் என்னை உலுக்கினாள். “நைனா, ஷெட்டுக்குள்ள யாரோ தோண்டிகினு கீறாங்க!” ஓடினோம். ஷட்டர் மூடியிருந்தது. நாங்கள் பார்த்துவிடக் கூடாதென்று சார் உள்ளே போய் ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, நாங்கள் தொடாமல் விட்ட மூலைத் துண்டைத் தானே தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாங்கள் காலையில் வெட்டின குழி இன்னும் மூடவில்லை. நாங்கள் ஷட்டரைத் தொடுவதற்கும் உள்ளே ‘படக்’ என்று ஒரு சத்தம் வருவதற்கும் சரியாக இருந்தது. மூலை லேசாக இறங்கியது. அவ்வளவுதான். ஷட்டருக்கு மேலே இருந்த உத்தரம் ஒரு பக்கம் சாய்ந்து, ஷட்டர் ஓடுகிற சட்டத்தைக் கடித்துக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

“சார்!” என்று கத்தினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஒண்ணும் இல்ல மேஸ்திரி, நீங்க போய்ச் சாப்பிடுங்க.” இன்னும் கொஞ்சம் இறங்கினால் உத்தரம் விழும், அதன் பின்னால் கூரை ஷீட்டு, அதன் கீழே சார். சுவரை விட்டுத் தள்ளிப் பின்பக்கமாகப் போய் நில்லுங்கள், கடப்பாரையைத் தொடாதீர்கள் என்றேன். முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கட்டை இருந்தது. ஆனால் முட்டுக் கொடுத்தால் விழாமல் நிற்கும், தூக்காதே. தூக்க ஜாக்கி வேண்டும். ஜாக்கி வாடகைக்குத் தருகிற கடை தாம்பரத்தில். ஏழுமலை ஓடத் தயாரானான்.

அப்போது தெருமுனையில் ஹாரன். ‘எல்’ போர்டு மாட்டிய டிரைவிங் ஸ்கூல் கார். ஓட்டுகிறவர் டீச்சர். பக்கத்தில் டிரைவிங் மாஸ்டர், கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. கார் எங்கள் முன்னால் வந்து நின்றது. டீச்சர் இறங்கி, என் முகத்தைப் பார்த்தார், ஷட்டரைப் பார்த்தார். “எங்க அவர்?” என்றார். உள்ளேயிருந்து, “இங்கதான் கிரேஸ்” என்று சின்னக் குரல். டீச்சர் திட்டவில்லை, அழவில்லை. “மாஸ்டர், டிக்கியைத் திறங்க” என்றார். அந்த வாரம்தான் டயர் மாற்றக் கற்றுக்கொண்டிருந்தாராம்; டிக்கியில் ஜாக்கி இருப்பது அவருக்குத் தெரியும். ஏழுமலை மூலையருகே கருங்கல் பலகையைப் போட்டு, அதன் மேல் ஜாக்கியை வைத்து, ஜாக்கிக்கும் உத்தரத்துக்கும் நடுவில் சவுக்குக் கட்டையை நிறுத்தினான். கைப்பிடியை வாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டு டீச்சரே உட்கார்ந்து சுற்றினார். ஒரு சுற்று, ஒன்றுமில்லை. இன்னும் சுற்றினார். உத்தரம் முனகியது. சட்டம் ஷட்டரை விட்டது. ஏழுமலையும் நானும் முழங்கால் உயரத்துக்கு ஷட்டரைத் தூக்கிப் பிடிக்க, சார் வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தார். தலை முதல் கால் வரை மண். கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தச் சவுக்குக் கட்டை நிற்கிற தைரியத்தில், பொழுது சாய்வதற்குள் இரண்டு குழியையும் கான்கிரீட்டால் நிரப்பினோம். டிரைவிங் ஸ்கூல் கார் அன்றைக்கு ஜாக்கி இல்லாமல்தான் திரும்பிப் போனது. போகும் முன் மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் சொன்னார்:

“என்கிட்ட கத்துக்கினவங்க நெறைய பேர் செவுத்தை இடிச்சிருக்காங்கம்மா. தூக்கினது நீங்க ஒருத்தர்தான்.”

சாக்கும் சொம்பும்

அதற்குப் பிறகு டீச்சர் சாருக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தார். புதுக் கட்டு இறுகுகிறவரை ஈரம் காயக் கூடாது. ஈரச்சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு ஆள் வைத்தால் கூலி. சார் சொம்போடு உட்கார்ந்தார். முதல் நாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினார். பிறகு பார்த்து ஊற்ற ஆரம்பித்தார். அப்புறம் சாக்கை விலக்கி, தடவிப் பார்த்து, மறுபடி போர்த்தினார். தேவகி சும்மா இருப்பாளா? “பாத்து சார், கொழந்தைக்குச் சளி புடிச்சிடப் போவுது” என்பாள்.

நான் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைக் கலவை வைத்து ஒட்டியிருந்தேன். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சார் அதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். காலையில் பேப்பர் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்ப்பார். ஒருநாள் மாவுக் கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து, “என்ன சார், செவுருதான் சரியாயிடுச்சே, கடையைப் போட்டுடலாமா?” என்றார். சார் சொம்பைக் கீழே வைத்தார்:

“கிரைண்டர் ஓடினா அதிரும்யா, என் செவுரு என்னத்துக்கு ஆகும்? நீ வேற இடம் பாரு.”

முன் சீட்டு

கார் வந்த நேரம் நல்ல நேரம் என்று சொல்லமுடியாது. பெரிய மழை வரப்போகிறது என்று டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்துக் கார்க்காரர்கள் எல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் இடம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் அனுப்பிய டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். டீச்சர் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஆனால் எட்டுப் போட்ட மைதானத்தில் ஷெட்டு ஏது? சார் குடையோடு நடுவில் நின்று கையைக் காட்டினார். “ரைட்ல ஒடி, இல்ல லெப்ட், ஐயோ நில்லு.” டீச்சர் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சார் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கார் நேராக உள்ளே போய், பின் சுவருக்கு முன்னால் மெதுவாக நின்றது. நான் மட்டும் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன், ஏதோ நான்தான் தாங்கிக்கொண்டிருப்பதுபோல.

மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு இல்லை, விடாமல். ஏரி தளும்பி, தெருவில் முழங்கால் தண்ணீர். ஷெட்டுத் தரை மேடு, உள்ளே ஏறாதுதான்; ஆனாலும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சுவர் இறங்கினால் டீச்சரின் கார் போகும், அதைவிட, கூரை சார் தலையிலேயே விழுந்து தொலைக்கும். மனுஷர் விரிசல் கண்ணாடியைப் பார்க்க அங்கேயேதான் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். ஷட்டர் திறந்திருந்தது. மூலைக்குப் போய்க் குனிந்தேன். கண்ணாடித் துண்டு முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. கூரைத் தண்ணீர் குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. “நானும் பாத்துட்டேன் மேஸ்திரி” என்றார் சார், வெள்ளைச் சட்டையில், தலை வாரி, சர்ச்சுக்குப் புறப்பட்ட கோலத்தில்.

டீச்சர் காரை வெளியே எடுத்து வாசலில் நிறுத்தினார். பட்டுப் புடவை, கண்ணில் கூலிங் கிளாஸ். சார் காரைச் சுற்றி வந்தார். முன் கதவைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், ஒன்றும் நடக்காததுபோலப் பின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். டீச்சர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்:

“பின்னாடி உக்காந்தா சர்ச்சுல எல்லாரும் என்னை உங்க டிரைவர்னு நினைப்பாங்க. முன்னாடி வாங்க, பெல்ட்டைப் போடுங்க, வாயை மட்டும் திறக்காதீங்க.”

அஸ்திவாரம் அசையாமல் நிற்க வேண்டும், வீட்டுக்காரர் அசையாமல் உட்கார வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நாளில் நடந்ததை என் தொழிலில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.